ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு!

இது நீளமான பதிவு. காலை காபியோடு உட்கார்ந்து படிக்கிறவர்கள் படியுங்கள். அவசரக்காரர்கள் கடைசி மூன்று பத்திகளை மட்டும் படித்துவிட்டு என்னைத் திட்டலாம்.

என்னிடம் 1998-இல் வாங்கிய மாருதி 800 ஒன்று இருப்பது என் பழைய மாணவர்கள் பலருக்குத் தெரியும். "சார், இன்னுமா அந்த வண்டி?" என்று கேட்காதவர்கள் குறைவு. மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. உற்பத்தி நின்றால் என்ன, உதிரிப் பாகம் இன்னும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கும்பகோணத்துச் சந்துகளில் திருப்ப இதைவிட நல்ல வண்டி இல்லை. பதினைந்து வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

போன ஐப்பசி மழையில் வண்டி நான்கு மாதம் வாசலில் மாமரத்தடியிலேயே நின்றுவிட்டது. எனக்கு முழங்கால் வலி, வண்டியை எடுக்கவில்லை. தை மாதம் எடுத்தபோது ஒரு கோளாறு தெரிந்தது. பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. கூடவே ஒரு தீய்ந்த வாடை. கிளட்ச் வழுக்குகிறது என்பது எனக்கே புரிந்தது. 34 வருடம் இயற்பியல் நடத்தியவன் அல்லவா? உராய்வு குறைந்தால் விசை கடத்தப்படாது. இதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

வழக்கமாகப் போகும் ஷெட்டுக்குப் போனேன். அந்தத் தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: "கிளட்ச் செட் போயிடுச்சு சார். செட்டு வாங்கிக் கொடுத்துடுங்க. கூலி மட்டும் 3,500 ரூபாய்."

"3,500-ஆ? ஒரு நாள் வேலைதானே தம்பி?"

"ஒரு நாள்தான் சார்."

"ஒரு நாள் கூலி 3,500-ஆ? 2,000 வாங்கிக்கங்க."

அவர் சிரித்தார். "கட்டாது சார். வேணும்னா வேற எங்கயாவது கேட்டுப் பாருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம். ஒரு நாள் வேலைக்கு இவ்வளவா என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் தங்கை மகன் வந்திருந்தான். மெக்கானிக்கல் என்ஜினியரிங் கடைசி வருடம். "மாமா, நாமளே பண்ணிடலாம். எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு" என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. நான் இயற்பியல், அவன் மெக்கானிக்கல். இருவர் சேர்ந்து ஒரு கிளட்ச் மாற்ற முடியாதா? கிளட்ச் செட்டும் ஸ்பேனர் செட்டும் வாங்கினோம். ஒரு ஜாக்கைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம். வேலையைத் தொடங்கினோம்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போகின்றன. அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அதன் ஒரு முனையில் ஒரு கனமான இரும்புச் சக்கரம் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதுதான் ஃப்ளைவீல். அதன் முகத்தோடு கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதித்தால் அந்தப் பிடி தளரும், என்ஜினும் கியர் பாக்ஸும் பிரியும். பெடலை விட்டால் மறுபடி பிடிக்கும்.

ஃப்ளைவீல் எதற்கு? மாருதி 800-இன் என்ஜினில் மூன்று சிலிண்டர். நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு முழுச் சுற்றுக்கு, அதாவது 720 டிகிரிக்கு, ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே ஒரு முறைதான் எரிந்து தள்ளும். மூன்று சிலிண்டர் என்றால் 240 டிகிரிக்கு ஒரு தள்ளல். ஒரு தள்ளல் அதிகபட்சம் 180 டிகிரி வரைதான் வரும். மீதி 60 டிகிரிக்காவது எந்தப் பிஸ்டனும் தள்ளுவதில்லை. அந்த இடைவெளியில் என்ஜின் நின்றுவிடாமல் சுற்றவைப்பது இந்தச் சக்கரம் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றல்தான். குயவர் சக்கரத்தைக் கோலால் நாலு சுற்று சுற்றிவிட்டுக் கையை மண்ணில் வைக்கிறாரே, அதே தத்துவம். நிறை எவ்வளவு விளிம்பில் இருக்கிறதோ அவ்வளவு நிலைமத் திருப்புத்திறன். பதினொன்றாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் நாள் முழுக்கக் கியர் பாக்ஸைக் கழற்றுவதிலேயே போனது. பேட்டரி, கியர் ஆயில், இரண்டு பக்க ஆக்சில், செல்ஃப் மோட்டார், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று துணிக் கவரில் பெயர் எழுதி வைத்தோம். அதுவரை எனக்குப் பெருமைதான். என்ஜின் தொங்காமல் இருக்க மேலே குறுக்காக ஓர் இரும்புக் குழாய் போட்டுச் சங்கிலியால் கட்டினோம். கியர் பாக்ஸ் இறங்கியது. பிரஷர் பிளேட்டைக் கழற்றினோம். கிளட்ச் பிளேட் கையில் வந்தது. பார்த்தால் எண்ணெயில் முக்கி எடுத்த அப்பளம் போல இருக்கிறது.

தேய்மானம் மட்டும் இல்லை, எண்ணெயும் கசிந்திருக்கிறது. கிராங்கின் பின்முனையில் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் புது கிளட்ச் போட்டால் இரண்டே மாதத்தில் அதுவும் எண்ணெயில் குளிக்கும். அந்த சீல் இருப்பது ஃப்ளைவீலுக்குப் பின்னால். ஆகவே ஃப்ளைவீலையும் கழற்றியாக வேண்டும். அதன் முகத்திலும் சூட்டால் நீலத் திட்டுகளும் மயிரிழை போன்ற வெடிப்புகளும் இருந்தன. லேத்தில் கொடுத்து லேசாகச் சீவினால்தான் புது பிளேட் ஒழுங்காக உட்காரும்.

இரண்டாம் நாள். ஃப்ளைவீல் போல்ட்டைத் திருப்பினால் போல்ட்டோடு சக்கரமும் சுற்றுகிறது. கியரில் போட்டு நிறுத்தலாம் என்றால் கியர் பாக்ஸே தரையில் கிடக்கிறது. ஒரு இரும்புப் பட்டையைப் பிரஷர் பிளேட் ஓட்டையில் முடுக்கி, மறுமுனையைத் தரையில் முட்டுக் கொடுத்தோம். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் ஒரு மீட்டர் குழாயை மாட்டினேன். தூரம் நான்கு மடங்கு, திருப்புத்திறனும் நான்கு மடங்கு. 'டக்' என்று ஒரு சத்தம், போல்ட் இளகியது. எல்லா போல்ட்டும் வந்தன. "இதுதாண்டா இயற்பியல்!" என்று மருமகனிடம் சொன்னேன். அன்று நான் சிரித்தது அதுதான் கடைசி.

போல்ட் எல்லாம் வந்துவிட்டது. சக்கரம் வரவில்லை.

கையால் இழுத்தோம், அசையவில்லை. ஃப்ளைவீலின் நடுவில் ஒரு வட்ட ஓட்டை உண்டு. கிராங்கின் முனை அதில் இறுக்கமாக உட்காரும். சக்கரம் துளியும் மையம் விலகக் கூடாது என்பதற்காக அந்தப் பொருத்தத்தை நூலிழை இடைவெளியில்தான் செய்வார்கள். இருபத்தைந்து வருடத் துருவும் நான்கு மாத மழை ஈரமும் சேர்ந்து அந்த நூலிழையைச் சிமென்ட் வைத்துப் பூசியது போல அடைத்துவிட்டன.

சுத்தியலை எடுத்தேன். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் உளி நுழையும் இடைவெளி இருந்தது. அங்கே வைத்து அடித்தேன். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன், அதன் முனை உடைந்தது. பெரிய சுத்தியல் வாங்கி வந்தேன். சக்கரத்தைச் சுற்றிலும் பல் வைத்த ரிங் கியர் இருக்கும், செல்ஃப் மோட்டார் அதைப் பிடித்துத்தான் என்ஜினைச் சுற்றவைக்கும். அதில் ஒரு பல்லின் ஓரம் சிதைந்தது. கடைசியில் சக்கரம் அந்தப் பக்கம் மட்டும் ஒரு நெல் அளவு வெளியே வந்தது. வெற்றி என்று நினைத்தேன். அதற்கப்புறம் எத்தனை அடி அடித்தாலும் துளிகூட நகரவில்லை.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னார்: "சம்படத்து மூடி இறுகிப்போச்சுன்னா ஒரே பக்கத்துலயா தட்டுவாங்க? சுத்திச் சுத்தி இல்ல தட்டணும்?"

"இது சம்படம் இல்ல" என்றேன் நான்.

மூன்றாம் நாளும் அப்படியே போனது. மாலையில் வேறு வழியில்லாமல் அதே ஷெட் தம்பிக்குப் போன் செய்தேன். 2,000 ரூபாய்க்குப் பேரம் பேசியவனுக்கு எப்படிக் குரல் வந்தது என்று கேட்காதீர்கள். "ஏழு மணிக்கு ஷெட்டைச் சாத்திட்டு வர்றேன் சார்" என்றார். வந்தார்.

வந்தவர் ஃப்ளைவீலைப் பார்க்கவே இல்லை. தரையில் குத்துக்காலிட்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். முகம் மாறியது. "தம்பி, முதல்ல வெளிய வா" என்றார் என் மருமகனிடம். அவன் அப்போது அடியில் படுத்திருந்தான். அவன் வெளியே வந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சார், வண்டியை எதுமேல நிறுத்தியிருக்கீங்க?"

வீடு கட்டியபோது மிச்சமான ஹாலோ பிளாக் கற்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கி அதன்மேல் வண்டியை இறக்கியிருந்தோம்.

"இந்தக் கல்லு சுவருக்குள்ள இருந்தாத்தான் சார் பலம். ஒரு முனையில பாரம் விழுந்தா சொல்லாம கொள்ளாம நொறுங்கும். நீங்க மேல சுத்தியலால அடிக்க அடிக்க இது கீழ அதிருது. மூணு நாளா இந்தப் பையன் அடியில படுத்திருந்தானா?"

நான் பதில் சொல்லவில்லை. டார்ச்சை வாங்கிப் பார்த்தேன். ஒரு கல்லில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதை நடத்தியவன் நான். அந்தக் கல்லை அங்கே வைத்தவனும் நான்.

அவர் ஷெட்டுக்குத் திரும்பிப் போய் டூ-வீலரில் இரண்டு இரும்பு ஸ்டாண்டும் ஒரு மரக்கட்டையும் கொண்டுவந்தார். வண்டியை ஜாக்கில் தூக்கி, கல்லை உருவி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, கையால் நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் இறங்கினார். அதற்கே அரை மணி நேரம்.

அடுத்து இரண்டாவது கேள்வி. "போல்ட் எல்லாத்தையும் ஏன் சார் கழட்டினீங்க?"

"கழட்டாம எப்படி தம்பி வரும்?"

"திடீர்னு விட்டுக்கிச்சுன்னா நேரா மூஞ்சியிலதான் விழும்." எதிரெதிராக இரண்டு போல்ட்டை எடுத்து ஐந்தாறு மரை மட்டும் ஏற்றினார். சக்கரம் விரலளவு வெளியே வரலாம், விழ முடியாது.

பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதை என் வாழ்நாளில் நடந்த நல்ல வகுப்புகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

முதலில் சக்கரத்துக்கும் கிராங்குக்கும் ஒரே நேர்க்கோட்டில் உளியால் ஒரு சின்ன அடையாளம் போட்டார். திரும்ப மாட்டும்போது இருந்தபடியே மாட்ட வேண்டும் என்பதற்காக. நடுவில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தார். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அந்த இடுக்கில் அடித்துவிட்டு, "டீ குடிக்கலாம் சார்" என்றார். இருபது நிமிடம் சக்கரத்தைத் தொடவில்லை. நான் மூன்று நாளில் இருபது நிமிடம் சேர்ந்தாற்போலச் சும்மா இருக்கவில்லை.

"சூடு பண்ணினா விரிஞ்சு கொடுக்குமே, புளோ லாம்ப் இருக்கு" என்றேன். விரிவாக்கமும் நான் நடத்தும் பாடம்தானே. "இப்பத்தான் எண்ணெய் அடிச்சிருக்கோம். பக்கத்துல பெட்ரோல் டியூப் போகுது. வீடு வேணாமா சார்?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

பிறகு சுத்தியலை எடுத்தார். நான் வாய்விட்டே கத்திவிட்டேன், ஏனென்றால் அவர் அடித்தது உள்நோக்கி! நான் மூன்று நாள் பாடுபட்டு நெல் அளவு வெளியே கொண்டுவந்த பக்கத்தை, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி மறுபடி உள்ளேயே தள்ளிவிட்டார்.

"ஒரு பக்கமா இழுத்த மேசை டிராயர் மாதிரி சாஞ்சு சிக்கிக்கிட்டு இருக்கு சார். நேராக்காம எத்தனை பலமா அடிச்சாலும் இன்னும்தான் சிக்கும்."

தன் பையிலிருந்து சாண் நீளப் பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்தார். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையில் வாங்கியதாம். இரும்பில் இரும்பால் அடித்தால் இரண்டில் ஒன்று காயப்படும், பித்தளை என்றால் பித்தளைதான் நசுங்கும். என் மருமகனை முன்பக்கம் உட்காரவைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கொடுத்தார். "நான் சொல்றப்போ அரைச் சுத்து."

உளி நுழைய ஒரே ஓர் இடைவெளிதான் என்றேன் அல்லவா? எனக்கு இருந்த இடைவெளிதான் அவருக்கும். ஆனால் அவர் அங்கே இரண்டு தட்டு தட்டினார். "அரைச் சுத்து." சக்கரத்தின் எதிர்ப்பக்கம் அந்த இடைவெளிக்கு வந்தது. இரண்டு தட்டு. "கால் சுத்து." இரண்டு தட்டு. "அரைச் சுத்து." இரண்டு தட்டு. அடிப்பவர் இருந்த இடத்திலேயே இருந்தார், சக்கரம்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தட்டிலும் பலம் இல்லை. தேங்காயை முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்ப்பது போல.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்தார்.

ஏழெட்டுச் சுற்று இருக்கும். 'டங் டங்' என்று வந்த சத்தம் ஒரு தட்டில் 'டொப்' என்று மாறியது. "வந்துடுச்சு" என்றார். சக்கரம் முன்னால் சரிந்து அந்த இரண்டு போல்ட்டின் தலையில் வந்து நின்றது. அந்தப் போல்ட்டுகள் இல்லாதிருந்தால் அது எங்கே வந்திருக்கும் என்று பார்த்தேன். மூன்று நாளும் நான் முகத்தை வைத்திருந்த இடம்.

மணி எட்டரை. டீ நேரத்தையும் ஸ்டாண்ட் வைத்த நேரத்தையும் கழித்தால் சக்கரத்தைக் கழற்ற ஆன நேரம் பதினைந்து நிமிடம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று கேட்டேன். "தம்பி எதுவரைக்கும் படிச்சீங்க?"

"பத்தாவது சார். கணக்குல போயிடுச்சு." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க சார் அப்பவே சொல்லிட்டாரு, நீ ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்குன்னு. அவரு வண்டியும் நம்ம ஷெட்டுக்குத்தான் வருது."

இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்தார். அந்த சார் நான் இல்லை, வேறு ஊர், வேறு பள்ளி. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது. 34 வருடத்தில் அதை எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை. "இப்படியே இருந்தேன்னா மெக்கானிக் ஷெட்ல ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு." கணக்கு வராத பிள்ளையிடம் சொன்னேன். பின் பெஞ்சில் சிரித்த பிள்ளையிடம் சொன்னேன். மெக்கானிக் மகன் ஒருவனிடமே சொல்லியிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. என்னைக் கெட்ட வாத்தியார் என்று யாரும் சொல்லவில்லை. கண்டிப்பான வாத்தியார் என்றார்கள்.

கூலி கேட்டேன். "500 கொடுங்க சார்."

"3,500 சொன்னீங்களே தம்பி, அதையே வாங்கிக்கங்க." நிஜமாகவே கொடுக்கத்தான் நினைத்தேன்.

"அது முழு வேலைக்கு சார். கியர் பாக்ஸ் இறக்குனது நீங்க. நீங்க பார்த்த வேலைக்கு நான் எப்படிக் காசு வாங்குறது?"

பேரம் பேசியவன் நான். கணக்கில் நேர்மையாக இருந்தவர், கணக்கில் ஃபெயில் ஆனவர்.

இனி நான் சொல்ல வந்த கருத்து.

ஒன்று. கூலியை நாம் மணிக்கணக்கில் அளக்கிறோம். அதுவும் எல்லாரிடமும் அளப்பதில்லை. டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஃபீஸ் வாங்கினால், "அவர் படிப்புக்குத்தானே கொடுக்கிறோம்" என்கிறோம். வக்கீலிடம் வாய் திறப்பதில்லை. பேரப்பிள்ளை டியூஷனுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கேட்டாலும் கொடுக்கிறோம். கையில் கிரீஸ் இருப்பவரிடம் மட்டும் "அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்கிறோம். அந்தத் தம்பி கேட்ட 3,500 ரூபாயில் பதினைந்து நிமிடத் தட்டலும் இருக்கிறது. எங்கே தட்ட வேண்டும், எப்போது டீ குடிக்க வேண்டும், எந்தக் கல்லை நம்பக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த விலை இருபது வருடம். என் மருமகன் உயிரோடு வெளியே வந்ததற்கு என்ன கூலி என்று நான் எந்த அளவில் அளப்பது?

இரண்டு. "மெக்கானிக்குகள் எல்லாரும் யோக்கியமா?" என்று கீழே கருத்துப் பெட்டியில் வரப்போகிறது, தெரியும். இல்லை. நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசுக்குப் பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். பாடம் நடத்தாமல் சம்பளம் வாங்கிய ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்காக ஆசிரியர் தொழிலே ஏமாற்று என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா? கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், எதற்கு மாற்றினார் என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாக விளக்குவார். கேள்வி கேட்பது உரிமை. கூலியை வெட்டுவது வேறு.

மூன்று. இதனால் யாரும் வீட்டில் வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தொடுங்கள். தொட்டால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். ஆனால் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், கல்லை ஒருபோதும் நம்பாதீர்கள். இரண்டு போல்ட்டை விட்டுவையுங்கள். வராத ஒன்றை இன்னும் பலமாக அடிப்பதற்கு முன்னால், அது எதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் சம்படம் திறப்பவர்கள் ஏதாவது சொன்னால் காது கொடுங்கள்.

நான்கு. இதுதான் எனக்கு முக்கியம். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த திட்டம். நான் வேலை பார்த்த பள்ளிகளில் அதை எப்படி நடத்தினோம்? மதிப்பெண் பட்டியலை மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்தோம். முதலில் கணிதம்-உயிரியல், பிறகு கணினி, பிறகு வணிகவியல். கடைசியில் மிச்சம் இருந்தவர்களைத் தொழிற்கல்விக்கு அனுப்பினோம். சேர்க்கைக் குழுவில் நானும் இருந்தேன். கையால் வேலை செய்வது என்பது தண்டனை என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி உண்டா? மறுபக்கம், நான்கு வருடம் மெக்கானிக்கல் படிக்கும் என் மருமகன் ஃப்ளைவீலின் சமன்பாட்டைத் தூக்கத்திலும் சொல்வான். ஆனால் ஃப்ளைவீலை அன்றுதான் முதன்முதலில் கையில் தொட்டான். அவன் குற்றம் இல்லை. அவனுக்குக் கையைக் கொடுக்காமல் அனுப்பியது நாங்கள்தான்.

ஒரு பிள்ளை மக்காக இருக்கிறான், வழிக்கு வரவில்லை என்றால் நான் என்ன செய்தேன்? ஒரே இடத்தில் அடித்தேன். நகராவிட்டால் பெரிய பிரம்பு எடுத்தேன். அவன் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று சுற்றிப் பார்க்கவில்லை. வீட்டில் பசியா, கண் தெரியவில்லையா, அப்பா குடிக்கிறாரா, ஏழாம் வகுப்புப் பின்னமே புரியாமல் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டானா என்று ஒரு சுற்று சுற்றி வந்திருக்கலாம். சிலர் வெளியே வந்தார்கள். சிலருக்கு ஒரு பல் சிதைந்தது. பிரம்பைப் பள்ளியிலிருந்து எடுத்தாயிற்று, நல்லது. அந்த வாக்கியம் மட்டும் இன்னும் வகுப்பறைகளில் இருக்கிறது என்று என் பழைய சகாக்கள் சொல்லக் கேட்கிறேன். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அதை விட்டுவிடுங்கள். என் காலத்தில் அதை என்னிடம் கேட்டவர்கள் இந்தப் பக்கத்தில் சிலர் இருக்கலாம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொதுவில் சொன்ன சொல்லுக்குப் பொதுவில்தான் மன்னிப்பு.

வண்டி நன்றாக ஓடுகிறது. ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவி, புது ஆயில் சீல் போட்டு, உளி அடையாளம் பார்த்து மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினோம். மாட்டிய வேலையை நானும் மருமகனும்தான் செய்தோம். அந்தத் தம்பி இரண்டு மாலை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த பிளேட்டைத் திருப்பிப் போடறீங்க சார்" என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குக் கூலி கேட்டேன். சொல்லிக்கொடுப்பதற்கா என்று கேட்டுச் சிரித்தார்.

சொல்லிக்கொடுப்பதற்குத்தான் தம்பி, நான் 34 வருடம் சம்பளம் வாங்கினேன் என்றேன். அதற்கப்புறம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.